மறுவாழ்வு நிலையங்களில் பங்கேற்பு உற்றுநோக்கல்: ஆய்வாளர் நின்ற இடத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவமனை, காசநோய் இல்லம், தொழுநோய் மறுவாழ்வு மையம், மாற்றுத்திறனாளர் குடியிருப்பு முதலிய இடங்களில் பங்கேற்பு உற்றுநோக்கல் ஓர் ஆய்வுமுறையாக வேரூன்றியது 1950களுக்குப் பின்னரே. அவ்வரலாற்றில் ஆய்வாளர்கள் எந்த இடத்தில் நின்று நோக்கினர் என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. வில்லியம் காடில், எர்விங் காஃப்மன், ஜூலியஸ் ராத், இர்விங் சோலா, ராபர்ட் மர்ஃபி ஆகியோரின் ஆய்வுகளும், வேலூரில் பால் பிராண்டின் தொழுநோய்ப் பணியும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிறுவனத்துக்குள் நடுநிலையான இடம் என ஒன்று இல்லை என்பதும், ஆய்வாளர் ஏற்ற இடமே அவர் கண்டதையும் காணத் தவறியதையும் முடிவு செய்தது என்பதும் கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பங்கேற்பு உற்றுநோக்கல், மறுவாழ்வு, முழுமை நிறுவனம், களப்பணி அறம், தொழுநோய், மாற்றுத்திறன்.

முன்னுரை

தமிழில் எழுதப்படும் சமூக அறிவியல் ஆய்வேடுகளின் முதல் இயலில் 'இவ்வாய்வில் பங்கேற்பு உற்றுநோக்கல் முறை பின்பற்றப்பட்டுள்ளது' என்னும் தொடரைக் காணாதவர் அரிது. பெரும்பாலும் அத்தொடருடன் முறையியல் பற்றிய பேச்சு முடிந்துவிடும். ஊர்ப்புற ஆய்வுகளில் இச்சுருக்கம் ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஓர் ஊருக்குள் செல்லும் ஆய்வாளருக்கு முதலில் இடம் ஏதும் இல்லை. நாளடைவில் யாரோ ஒருவர் 'தம்பி' என்கிறார், வேறொருவர் 'நம்ம பாப்பா' என்கிறார். அந்த உறவுமுறைச் சொல்லின் வழியே அவருக்கு இடம் கிடைக்கிறது. அந்த இடம் நெகிழ்வானது; மாறக்கூடியது.

மறுவாழ்வு நிலையம் அவ்வாறானது அன்று. அங்கு இடங்கள் முன்பே வகுக்கப்பட்டுள்ளன. மருத்துவர், செவிலியர், உதவியாளர், உறைவோர், பார்வையாளர் என ஒவ்வோர் இடத்துக்கும் தனி உடை, தனி நேரம், தனிக் கதவு உண்டு. உள்ளே நுழையும் ஆய்வாளர் இவற்றுள் ஒன்றை ஏற்றே ஆகவேண்டும். எதையும் ஏற்காது சுவரோரம் நிற்பவரைக்கூட மேலிடத்திலிருந்து வந்த ஆய்வு அலுவலர் என்றே பிறர் எண்ணுவர். ஆதலின், 'பங்கேற்றேன்' என்று ஒருவர் எழுதும்போது 'யாராகப் பங்கேற்றீர்?' என்னும் வினா உடனே எழுகிறது. இவ்வினாவை மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலத்தில் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது நமக்குப் பயன்படும் ஒரு வரலாறு. அதில் நம் மண்ணைச் சேர்ந்த பகுதியும் உண்டு.

சொற்களும் வகைப்பாடும்

களத்தில் நீண்டகாலம் தங்கி, மக்களின் மொழியைக் கற்று, அவர்தம் அன்றாட வாழ்வில் கலந்து நோக்கும் முறைக்கு மாலினோவ்ஸ்கியின் டிரோபிரியண்டுத் தீவு ஆய்வே முன்மாதிரி என்பர். 1915க்கும் 1918க்கும் இடையே அவர் ஆற்றிய களப்பணி 1922இல் நூலாயிற்று. 'பங்கேற்கும் உற்றுநோக்கர்' என்னும் தொடரை 1924இல் எட்வர்ட் லிண்டமன் பயன்படுத்தினார். 1940இல் ஃபுளோரன்ஸ் குளுக்கோன் இதனைச் சிற்றூர் ஆய்வுக்குரிய நுட்பமாக விளக்கிக் கட்டுரை எழுதினார். 1958இல் ரேமண்ட் கோல்ட், முழுப் பங்கேற்பாளர், உற்றுநோக்கும் பங்கேற்பாளர், பங்கேற்கும் உற்றுநோக்கர், முழு உற்றுநோக்கர் என நால்வகைப் பாத்திரங்களை வகுத்தார். நம் முறையியல் பாடநூல்கள் இன்றும் இந்நான்கையே மாணவர்க்குக் கற்பிக்கின்றன.

கோல்டின் வகைப்பாடு பங்கேற்பின் அளவைச் சொல்கிறதே ஒழிய, அதன் திசையைச் சொல்வதில்லை. காவலரோடு முழுமையாகப் பங்கேற்பவரும் கைதியோடு முழுமையாகப் பங்கேற்பவரும் அதில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவர். சிற்றூரில் இது பெரிய குறையாகத் தெரியாமல் போகலாம். பூட்டும் சாவியும் உள்ள இடத்தில் இது அடிப்படைக் குறை.

'மறுவாழ்வு' என்னும் சொல்லையும் சற்று நோக்கவேண்டும். தமிழ்நாட்டில் தொழுநோயாளர், குடிநோயாளர், மாற்றுத்திறனாளர் ஆகியோருக்கான இல்லங்களுக்கு இச்சொல் வழங்குகிறது. 2021இல் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களுக்கும் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் சூட்டியது. இலங்கையிலோ 'புனர்வாழ்வு' என்னும் சொல் 2009க்குப் பின் முன்னாள் போராளிகள் அடைத்துவைக்கப்பட்ட முகாம்களையும் குறித்தது. குணப்படுத்தல், இருப்பிடம் தருதல், அடைத்துவைத்தல் ஆகிய மூன்றும் ஒரே பொருட்புலத்தில் நிற்கின்றன. இத்தகைய இடங்களுக்குள் செல்லும் ஆய்வாளர் தாம் எதனுள் நுழைகிறோம் என்பதைச் சொல்லைக் கொண்டு மட்டும் அறிய முடியாது.

நோயாளி வேடம்

அமெரிக்க மானிடவியலர் வில்லியம் காடில் ஒரு மனநோய் மருத்துவமனையில் நோயாளி என்னும் பெயரில் சேர்ந்து இரு மாத அளவு தங்கினார். மிகச் சிலரைத் தவிர மருத்துவர்களோ செவிலியரோ உண்மையை அறியார். அதன் விளைவாக 1952இல் காடிலும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, நோயாளிகள் தனித்தனி நோய்களின் கூட்டம் அல்லர், தமக்கெனச் சில விதிகளை உடைய ஒரு குழு என்று காட்டியது. புதிதாக வருபவர் மருத்துவரிடம் எவ்வாறு நடக்கவேண்டும், பிற நோயாளரை எவ்வாறு நடத்தவேண்டும், வெளியுலகைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பவற்றை அக்குழு அவருக்குக் கற்பித்தது; மீறினால் கண்டித்தது. இந்தக் கற்பித்தல் நடப்பதையே பணியாளர்கள் பெரிதும் அறியாதிருந்தனர். மருத்துவமனை ஆய்வில் இஃது ஒரு திருப்புமுனை.

ஆயினும் அந்த அறிவு வந்த வழியை மறந்துவிட முடியாது. சக நோயாளர் அவரைத் தம்மவர் என்றெண்ணி நட்புக் காட்டினர். மருத்துவர்கள் இல்லாத நோய்க்குத் தம் நேரத்தைச் செலவிட்டனர். காடிலின் 1958ஆம் ஆண்டு நூலுக்கு அடிப்படையான ஆய்வு வேடமின்றி வெளிப்படையாகவே நடந்தது என்பதைப் பலர் சுட்டாது விடுகின்றனர்.

இதே வழியில் பெரும் புகழ் பெற்றது 1973இல் டேவிட் ரோசன்ஹான் வெளியிட்ட கட்டுரை. எட்டுப் போலி நோயாளிகள் பன்னிரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டதாக அது கூறிற்று. 2019இல் சூசன்னா கஹாலன் அதன் சான்றுகளைத் தேடிச் சென்று, பலவற்றை உறுதிசெய்ய இயலவில்லை என்று நூலெழுதினார். மறைவான உற்றுநோக்கலின் வேறொரு குறை இங்கு வெளிப்படுகிறது. யார் எங்கிருந்தார் என்பதே மறைக்கப்பட்டால், பின்வரும் ஆய்வாளர் எதைச் சரிபார்ப்பார்? மறைவு களத்தோடு நிற்பதில்லை; ஆவணத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. ரோசன்ஹானை நம் பாடத்திட்டங்களில் இன்னும் ஐயமற்ற சான்றாகக் கற்பிப்பது நிறுத்தப்பட வேண்டும் என்பது என் கருத்து.

சாவியும் இரவும்

எர்விங் காஃப்மன் 1955-56இல் வாஷிங்டனில் உள்ள புனித எலிசபெத் மருத்துவமனையில் களப்பணி செய்தார். அப்போது அங்கு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். விளையாட்டுப் பிரிவு இயக்குநரின் உதவியாளர் என்பது அவர் ஏற்ற இடம். யாரேனும் துருவிக் கேட்டால், பொழுதுபோக்கையும் சமூக வாழ்வையும் பயிலும் மாணவர் என்று கூறினார். மேல்நிலை நிருவாகத்தினர் மட்டும் அவர் நோக்கத்தை அறிந்திருந்தனர். 1961இல் வெளிவந்த 'அசைலம்ஸ்' நூலின் முன்னுரையில் இவற்றை அவரே விளக்குகிறார். பணியாளரோடு நெருங்கிப் பழகுவதைத் தவிர்த்ததையும், சாவி எதையும் வைத்துக்கொள்ளாததையும் அவர் குறிப்பிடுகிறார்.

சாவி பற்றிய இக்குறிப்பை நான் முறையியல் அடிப்படையில் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அத்தகைய இடத்தில் சாவி வைத்திருப்பவர், இல்லாதவர் என இருவகை மனிதரே உள்ளனர். உதவியாளர் என்னும் பெயரால் காஃப்மன் பணியாளர் பக்கத்தில் இருந்தார். சாவியை மறுத்ததால் நோயாளர் பக்கம் சற்று நகர்ந்தார். அந்தச் சிறிய நகர்வு அவருக்குத் திறந்துகாட்டியவை பல. நோயாளிகள் துண்டுக் காகிதம், உணவு, சிறு பொருள்கள் முதலியவற்றைச் சட்டைப்பைகளில் திணித்துச் சுமந்து திரிந்தனர். பணியாளர் இதனை நோயின் அறிகுறி என்றனர். பொருள் வைக்கப் பூட்டுள்ள பெட்டி ஒன்றுகூடத் தரப்படாத இடத்தில் மனிதர் வேறென்ன செய்வர் என்று காஃப்மன் நோக்கினார். உண்ணுதற்குக் கூடுதலாக ஏதேனும் கிடைக்கும் என்பதற்காகச் சமையலறைப் பணியை விரும்பிக் கேட்பது, யார் கண்ணும் படாத மூலையைத் தனதாக்கிக்கொள்வது போன்றவற்றை நிறுவனத்தின் 'அடிவாழ்வு' என்று அவர் விளக்கினார். உறக்கம், உழைப்பு, பொழுதுபோக்கு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒரே அதிகாரத்தால் நடத்தப்படும் இடம் என்னும் 'முழுமை நிறுவனம்' பற்றிய கருத்தாக்கமும் இந்நூலால் பரவியதே.

தம் எல்லைகளையும் காஃப்மன் எழுதிவைத்தார். உளமருத்துவத்தின்மீது தமக்குப் பெருமதிப்பு இருக்கவில்லை. தம் பார்வை நோயாளர் பக்கம் சாய்ந்தது. நடுத்தர வகுப்பைச் சேர்ந்த ஆணாகிய தாம் துன்பம் என்று கண்டவற்றை எளிய வகுப்பினரான நோயாளர் சிலர் அவ்வளவு துன்பமாக உணராதிருந்திருக்கலாம் என்னும் கருத்துகளை அவருடைய முன்னுரையில் காணலாம். இவ்வளவு வெளிப்படையாகத் தம் சார்பைச் சொன்னவர் அக்காலத்தில் குறைவு.

மற்றொன்றையும் அவர் சொல்லியுள்ளார்: அவர் நோயாளர் கூடங்களில் உறங்கவில்லை. அதாவது, 'அசைலம்ஸ்' ஒரு பகல்நூல். விளக்கணைத்த பின் கூடத்தில் நடப்பது அதில் நேரடி நோக்காக இடம்பெற வாய்ப்பில்லை. நிறுவனம் பற்றிய ஆய்வில் இஃது எத்தகைய இழப்பு என்பதை உணர நாம் வேலூருக்கு வரவேண்டும்.

வேலூர்: சமூகவியலர் அல்லாத ஒருவர்

கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் ராபர்ட் காக்ரேனின் நோயாளர்களைக் கண்ட பின், மடங்கிப்போன கைகளை அறுவையால் நிமிர்த்த முடியுமா என்று ஆராயத் தொடங்கினார். அறுவைக்குப் பின் நோயாளர் தங்கித் தொழில் பழகுவதற்காக வேலூரில் நவஜீவ நிலையம் உருவானது. நூற்றாண்டுகளாக நிலவிய நம்பிக்கை, தொழுநோய் விரல்களைத் தானே தின்றுவிடுகிறது என்பது. நிமிர்த்தப்பட்ட கைகளிலும் புதிய புண்கள் தோன்றியபோது அந்நம்பிக்கை உறுதிப்படுவது போலவே தோன்றிற்று.

மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழில் பயின்றவர் பிராண்ட். ஒவ்வொரு புண்ணுக்கும் அன்றைய நாளின் நிகழ்ச்சி ஒன்றைக் காரணமாகத் தேடும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். உணர்விழந்த கைகள் கருவிகளை எவ்வாறு பற்றுகின்றன, சூடான பாத்திரத்தை எவ்வாறு தூக்குகின்றன என்று நோக்கியபோது விடைகள் கிடைத்தன. துருப்பிடித்த பூட்டைப் பிராண்டால் திறக்க இயலாதபோது, ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்ததை அவன் உணரவே இல்லை. இந்நிகழ்ச்சியைப் பிராண்ட் பலமுறை எழுதியும் பேசியும் உள்ளார். மேலும் ஒரு புதிர் எஞ்சியது. இரவில் முழுமையாக இருந்த விரலின் ஒரு பகுதி காலையில் காணாமற்போயிருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோதுதான், உறங்குவோரின் உணர்வற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. அதன்பின் நோயாளர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

இதனைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்று பிராண்ட் அழைக்கவில்லை. நானும் அப்பெயரை வலிந்து சூட்ட விரும்பவில்லை; அவர் மருத்துவர், அதிகாரம் உடையவர், நோயாளரின் இடத்தில் நின்றவர் அல்லர். ஆயினும் நிறுவனத்தின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் நோக்கின் எல்லைக்குள் கொண்டுவந்ததால் ஒரு நோயின் இயல்பு பற்றிய கருத்தே மாறியது. விரலிழப்பு நோயின் நேர்விளைவு அன்று, வலியுணர்வு இழப்பின் விளைவு என்று தெளிவானதும், சிகிச்சை அறுவைக்கூடத்தைக் கடந்து செருப்பு, கருவிப்பிடி, அடுப்படி வரை விரிந்தது. நுண்ணறை ரப்பர்ச் செருப்புகள் அவ்வழியில் வந்தவை. வேலூரில் இம்மரபு தொடர்ந்தது. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூர்ப் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிறுவனம் அவர் முயற்சியால் உருவானது. மருத்துவரும் பயனாளரும் ஒருவரே ஆகிய இந்நிலை, அடுத்து வரும் அமெரிக்க ஆய்வாளர்களின் நிலையோடு ஒப்பிடத்தக்கது.

படுக்கையிலிருந்து எழுதியவர்

ஜூலியஸ் ராத் சமூகவியல் பயின்றவர். காசநோயால் மருத்துவமனையில் சேர்ந்தவர். அவர் வேடம் பூணவில்லை, நோய் உண்மையானது. படுக்கையில் இருந்தபடியே குறிப்பெடுத்தார். பின்னர் வேறு காசநோய் மருத்துவமனைகளிலும் நோக்கினார். 1963இல் வெளிவந்த 'டைம்டேபிள்ஸ்' நூல் இதன் பயன். எப்போது வீடு திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்வதில்லை. நோயாளர் தமக்குள் ஒப்பிட்டு ஓர் அட்டவணையை உருவாக்குகின்றனர்: இன்னாருக்கு இத்தனை மாதத்தில் நடமாட அனுமதி கிடைத்தது, இன்னாருக்கு இத்தனை மாதத்தில் வெளியே செல்ல அனுமதி கிடைத்தது, எனக்கு ஏன் இன்னும் கிடைக்கவில்லை? இந்த ஒப்பீட்டைக் கொண்டு அவர்கள் மருத்துவரோடு பேரம் பேசுகின்றனர். காலம் என்பது மருத்துவ உண்மை மட்டும் அன்று, இரு தரப்பாரும் இழுத்துப் பிடிக்கும் ஒரு கயிறு என்பதைப் படுக்கையில் கிடந்து நாள் எண்ணியவரால்தான் இவ்வளவு நுட்பமாகக் காண முடிந்தது.

அவருடைய 1957ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் கூர்மையானது. தொற்றைத் தடுக்க முகக்கவசமும் மேலங்கியும் அணியவேண்டும் என்பது விதி. யார் அணிகின்றனர் என்று ராத் எண்ணிப் பார்த்தார். பதவி உயர உயர அணிவது குறைந்தது. மருத்துவர் குறைவாகவும் கீழ்நிலைப் பணியாளர் மிகுதியாகவும் அணிந்தனர். பணி செய்யும்போது கவசம் அணிந்த செவிலியர், நோயாளரோடு அமர்ந்து பொழுதுபோக்கும்போது அதனைக் கழற்றினர். கிருமி பதவியையோ பேச்சின் நோக்கத்தையோ பார்ப்பதில்லை என்பதால், இங்கு நடப்பதில் ஒரு பகுதி சடங்கு என்று அவர் முடிவு செய்தார். கொரோனாக் கால மருத்துவமனைகளைக் கண்டவர்க்கு இக்கட்டுரை பழையதாகத் தோன்றாது.

காடிலும் படுக்கையில் இருந்தார், ராத்தும் படுக்கையில் இருந்தார். முன்னவர் பொய் சொன்னவர், பின்னவர் சொல்லாதவர் என்று பிரித்துவிடத் தோன்றும். ராத்தே இதனை ஏற்கவில்லை. 1962இல் மறைவான உற்றுநோக்கல் பற்றி எழுதிய குறிப்பில், எல்லா ஆய்வும் ஓரளவு மறைவானதே என்றார். தாம் எதைத் தேடப்போகிறோம் என்பதைத் தொடக்கத்தில் ஆய்வாளரே முழுமையாக அறியாதபோது, அதனை முழுமையாக எவ்வாறு அறிவிக்க முடியும்? இவ்வாதம் வலிமையானது. ஆனால் அதனை எல்லையின்றி நீட்டினால் எந்த ஏமாற்றையும் நியாயப்படுத்திவிடலாம். அறியாததால் சொல்லாமலிருப்பதும் அறிந்தே மாற்றிச் சொல்வதும் ஒன்றல்ல. இவ்விடத்தில் நான் ராத்திடமிருந்து வேறுபடுகிறேன்.

1967இல் ராத் எலிசபெத் எட்டியுடன் இணைந்து வெளியிட்ட நூல் நேரடியாக மறுவாழ்வு பற்றியது. நாட்பட்ட நோயாளருக்கான ஒரு பொது மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில், போக வேறிடமற்ற ஏழை முதியோர் நடைப்பயிற்சியும் கைத்தொழிலும் பெற்றபின் எங்கு சென்றனர் என்பதை அந்நூல் ஆராய்ந்தது. பெரும்பாலோர் எங்கும் செல்லவில்லை என்பதே அது காட்டும் கசப்பான நிலை. பயிற்சி அட்டையில் முன்னேற்றம். வாழ்வில் அதே கட்டில். அட்டையை மட்டும் படிப்பவர் முன்னேற்றத்தைப் பதிவர். கட்டிலருகே மாதக்கணக்கில் இருப்பவர் வேறொன்றைப் பதிவர்.

சக்கர நாற்காலி

இர்விங் சோலா அமெரிக்கச் சமூகவியலர். பதின்ம வயதில் இளம்பிள்ளைவாதத்தாலும் பின்னர் கார் விபத்தாலும் பாதிக்கப்பட்டவர். கால்தாங்கியும் கைத்தடியும் கொண்டு நடந்தார். 1972இல் நெதர்லாந்தின் ஆர்ன்ஹம் நகரை ஒட்டிய 'ஹெட் டார்ப்' என்னும் குடியிருப்புக்குச் சென்றார். 'கிராமம்' என்பது அப்பெயரின் பொருள். 1962இல் தொலைக்காட்சி வழித் திரட்டிய பொதுமக்கள் நன்கொடையால் உருவான அக்குடியிருப்பில் கடும் உடற்குறைபாடுடைய ஏறத்தாழ நானூறு பேர் வாழ்ந்தனர். விருந்தினராகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். சோலா ஒரு வாரம் அங்கு உறைவோருள் ஒருவராகத் தங்க முடிவு செய்து, நடக்கக்கூடியவராக இருந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தார்.

அமர்ந்த உடனே மாற்றம் நிகழ்ந்தது. பல மாதங்களாகப் பழகிய, அதுவரை கேளாமல் எவ்வுதவியும் செய்திராத நண்பர், இப்போது அனுமதி கேளாமலே நாற்காலியைத் தள்ளத் தொடங்கினார். நின்றிருந்த சோலாவும் அமர்ந்திருந்த சோலாவும் பிறருக்கு ஒருவர் அல்லர். தம் குறைபாட்டை வென்றுவிட்டதாக எண்ணி வாழ்ந்த தாம், அவ்வாறு எண்ணியதன் வழி அதனைத் தம்மிடமிருந்தே மறைத்துவந்ததையும் அவ்வாரத்தில் உணர்ந்தார். 1982இல் 'மிஸ்ஸிங் பீசஸ்' நூலாக இது வெளிவந்தது. களத்துக்கும் நூலுக்கும் இடையே பத்தாண்டுகள்.

சோலாவின் நாற்காலியும் ஒரு வேடம்தானே என்று கேட்கலாம். எனக்கும் இவ்வினா உண்டு. காடிலின் வேடம் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிற்று. சோலாவின் நாற்காலி இருந்ததை வெளிக்கொணர்ந்தது என்பது என் விடை. ஆனாலும் எழுந்து நடந்து செல்ல முடிந்தவர் ஒரு வாரம் அமர்ந்ததற்கும், வேறு வழியின்றி அமர்ந்தவர்க்கும் உள்ள இடைவெளி அழிவதில்லை.

அந்த இடைவெளி இல்லாதவர் ராபர்ட் மர்ஃபி. அமேசான் காட்டில் முண்டுருக்கு மக்களிடையே களப்பணி செய்த இந்த மானிடவியலர், முதுகுத்தண்டுக் கட்டியால் படிப்படியாக உடலியக்கம் இழந்தார். தம் நோயையே ஒரு நீண்ட களப்பயணமாகக் கொண்டு 1987இல் 'தி பாடி சைலண்ட்' நூலை எழுதினார். மாற்றுத்திறனாளர் நோயாளரும் அல்லர், நலமுற்றவரும் அல்லர்; சடங்கின் நடுவில் நிறுத்திவைக்கப்பட்டவர் போல இடைநிலையில் வைக்கப்படுகின்றனர் என்பது அவர் முன்வைத்த கருத்து. தம் தனி அனுபவத்தோடு நில்லாமல், நியூயார்க் வட்டாரத்தில் கால் செயலிழந்தோரிடையே குழுவாக ஆய்வு நடத்தி அதனைச் சோதிக்கவும் செய்தார்.

இவ்வரிசையில் சூ எஸ்ட்ராஃபைச் சேர்க்காமல் விட முடியாது. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில், மருத்துவமனைக்கு வெளியே சமூகத்தில் வைத்துச் சிகிச்சை பெற்ற மனநோயாளரிடையே 1970களின் நடுவில் இரண்டாண்டுகள் பழகினார். அவர்கள் உட்கொண்ட மருந்தைத் தாமும் சில வாரங்கள் உட்கொண்டார். மருந்தின் பக்கவிளைவாகிய நடுக்கத்தையும் அமைதியின்மையையும் தெருவில் காண்போர் பித்தின் அடையாளமாக எண்ணுகின்றனர் என்பதையும், குறைபாட்டுக்குக் கிடைக்கும் உதவித்தொகையே நலமடைவதற்குத் தடையாகலாம் என்பதையும் 1981இல் வெளிவந்த 'மேக்கிங் இட் கிரேஸி' நூல் காட்டியது. மருந்தை உட்கொண்டது துணிவா, மிகையா என்பதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. உதவித்தொகை பற்றிய கண்டுபிடிப்புக்கு அந்த மருந்து தேவைப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

யார் அனுமதி?

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப இயலாமல் இறந்தனர். அதன்பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரித்தது. பல காப்பகங்கள் மூடப்பட்டன. சங்கிலி அன்று மறைவானதன்று. தர்காவுக்கு வந்து சென்றோர் பலரும் கண்டதே. முறையியல் நோக்கில் இந்நிகழ்வு எழுப்பும் வினா கடினமானது: இத்தகைய இடத்தில் பங்கேற்பு உற்றுநோக்கல் செய்யும் ஆய்வாளர் சங்கிலியைக் கண்டால் என்ன செய்வார்? குறிப்பேட்டில் எழுதுவதா, புகார் செய்வதா? புகார் செய்தால் களம் மூடிவிடும். செய்யாவிட்டால் 'பங்கேற்பு' என்னும் சொல்லுக்கு அச்சந்தரும் ஒரு பொருள் வந்துவிடும்.

இச்சிக்கலின் வேர் அனுமதியில் உள்ளது. மறுவாழ்வு இல்லத்துக்குள் ஆய்வாளர் நுழைவது பொறுப்பாளரின் கடிதத்தால். உறைவோர் பலர் தாமாக வந்தவர் அல்லர். தாமாகச் செல்லவும் இயலாதவர். பொறுப்பாளர் தந்த அனுமதி அவர்களுடைய ஒப்புதல் ஆகாது. பொறுப்பாளர் முன்னிலையில் அவர்களிடம் பெறும் கையொப்பமும் எவ்வளவு ஒப்புதல் என்பது ஐயத்துக்குரியது. 2017இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் நலம் சார்ந்த சமூக அறிவியல் ஆய்வையும் உள்ளடக்குகின்றன. அதே ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எனினும் தமிழ்த்துறை, சமூகவியல் துறை ஆய்வேடுகளில் அறக்குழு ஒப்புதல் பற்றிய குறிப்பு இன்னும் அரிதாகவே தென்படுகிறது. இது மருத்துவத் துறையினரின் பாடு என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

நெடுங்காலப் பழக்கம் இதற்கு ஒரு பகுதி விடையளிக்கக்கூடும். ஜேம்ஸ் ஸ்டேபிள்ஸ் ஆந்திரக் கடலோரத்தில் தொழுநோயுற்றோர் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பில் ஆய்வு செய்து 2007இல் நூல் வெளியிட்டார். ஆய்வாளராகும் முன்பே தன்னார்வலராக அங்கு சென்று பழகியவர் அவர். மும்பைக்கு இரந்துண்ணச் சென்ற குழுவினரையும் அவர் பின்தொடர்ந்தார். நிறுவனத்தின் கதவோடு களம் முடிந்துவிடவில்லை என்பது இதன் சிறப்பு. அங்கு அனுமதி தரும் இடத்திலும் பெரிதும் உறைவோரே இருந்தனர். நம் ஊர்க் குடிநோய் மறுவாழ்வு இல்லங்களில் நிலைமை அவ்வாறில்லை. அங்கு கதவின் சாவி ஒருவரிடம், ஆய்வாளரின் அனுமதிக் கடிதமும் அவரிடமே.

எனவே நம் ஆய்வேடுகளின் முறையியல் இயலில் எழுதப்படவேண்டியவை சில உண்டு. எந்தக் கதவு வழி நுழைந்தார், எந்த உடையில் இருந்தார், சாவி அவரிடம் இருந்ததா, உறைவோரோடு உண்டாரா, இரவு தங்கினாரா, குறிப்பேட்டை எங்கே வைத்தார், பொறுப்பாளர் அதனைப் படிக்கக் கேட்டபோது என்ன செய்தார் என்பன போன்றவை அவை. இவற்றைத் தன்வரலாறு என்று கருதி நெறியாளர்கள் நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. காஃப்மன் தம் முன்னுரையில் இவற்றுக்குச் செலவிட்டது ஒரு சில பத்திகளே. இல்லத்தின் வாயிலில் உள்ள பதிவேட்டில் நாள்தோறும் 'பார்வையாளர்' என்னும் கட்டத்தில் கையொப்பமிட்டு நுழைந்த ஒருவர், ஆய்வேட்டில் தம்மைப் 'பங்கேற்பாளர்' என்று குறிக்கும்போது, அப்பதிவேட்டுக்கும் ஆய்வேட்டுக்கும் இடையே தம் இடம் எப்போது, யாரால், எவ்வாறு மாறியது என்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.